697 ரூபாய்: கொரோனாவில் நம் கடைகளுக்கு அரசு தந்தது எவ்வளவு? கணக்கு போடலாம் வாருங்கள்

விறகு ஓவன் (ஊட்டி), 14 செப்டம்பர் 2024

போன மாதம் 10ஆம் தேதி என் கொரோனா கடனுக்குக் கடைசித் தவணை போனது. 3,816 ரூபாய். மெசேஜ் வந்தபோது கல்லாவில்தான் இருந்தேன். சரி, ஒழிந்தது என்று ஒரு டீ சொல்லிவிட்டுப் பழைய பாஸ்புக்கையும் கடை நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் அரசு எனக்குச் செய்த உதவி மொத்தம் எவ்வளவு என்று ஒருமுறையாவது கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் கடையைப் பற்றி. அப்பா காலத்து வர்க்கிக் கடை (வர்க்கி என்பது டீயில் நனைத்துச் சாப்பிடும் மொறுமொறு பிஸ்கட் மாதிரி). விறகு ஓவன்தான். மாவு பிசையும் மிஷினுக்கும், பின்கட்டை நீட்டிக் கட்டியதற்குமாக 2018இல் வங்கிக் கடன் வாங்கியிருந்தேன். 2020 பிப்ரவரி 29 அன்று அதில் நின்ற பாக்கி 6 லட்சம், சில்லறையை விட்டுவிடுகிறேன். இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். எல்லாக் கூத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

மார்ச் 25 ஊரடங்கு. ஏப்ரலும் மேயும் போனால் நமக்கு வருடமே போன மாதிரி. மலர்க் கண்காட்சி கிடையாது, மலையடிவாரக் கல்லாறில் வண்டி ஏறுவது கிடையாது. நான் கடையை முழுதாக மூடவில்லை. உள்ளூர்க்காரர்கள் காலை டீயில் நனைத்துச் சாப்பிடுவதற்காவது போட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு எட்டுத் தட்டு ஓடிய இடத்தில் ஒரு தட்டு. ஆனால் ஓவனுக்கு அது தெரியாதே. எட்டுத் தட்டுக்குச் சூடேற எத்தனை விறகு வேண்டுமோ, கிட்டத்தட்ட அத்தனையும் ஒரு தட்டுக்கும் வேண்டும்.

வந்த உதவி இவ்வளவுதான். ரேஷன் கடையில் 2020 ஏப்ரலில் 1,000. 2021இல் இரண்டு தடவையாக 4,000. இது வீட்டு அரிசி அட்டைக்கு வந்தது, கடைக்கு அல்ல. அடுத்து, வங்கித் தவணையை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்றார்கள். தள்ளினேன். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. எனக்கு 10.5 சதவீதம். ஆறு மாதத்தில் 32,197 ரூபாய் அசலோடு ஏறி உட்கார்ந்தது. வட்டிக்கு வட்டி போடலாமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததே, அதன் நடுவில் மத்திய அரசு அந்த 'வட்டிக்கு வட்டி'யை மட்டும் தானே கட்டுவதாக அக்டோபரில் சொன்னது. 2 கோடி வரை உள்ள கடன்களுக்கு. நவம்பரில் என் கணக்கில் விழுந்தது 697 ரூபாய்.

கடைசியாக, முதலில் சொன்ன கொரோனா கடன், அதாவது அரசு ஜாமீனில் வங்கி தந்த அவசரக் கடன். அந்தப் பிப்ரவரி 29 அன்று நின்ற பாக்கியில் 20 சதவீதம், அதாவது 1,20,000. வட்டி 9 சதவீதம். முதல் வருடம் வட்டி மட்டும் மாதம் 900, பிறகு 36 மாதம் 3,816. மொத்தம் கட்டியது 1,48,176.

ஆக, திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் 5,697. அதில் கடைக்கென்று வந்தது 697. கொரோனா நிவாரணம் 20 லட்சம் கோடி என்று டிவியில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. அந்த 1,20,000 வராவிட்டால் ஓவனில் நிற்கும் இரண்டு பையன்களையும் ஊருக்கு அனுப்பியிருப்பேன். உங்கள் கணக்கையும் போடுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம், எண் போதும்.

குன்னூர் வேன்

அண்ணே, எனக்கு 1,357 ரூபாய் வந்தது. உங்களை விட நான் பணக்காரன்.

டூரிஸ்ட் வேன், 12 சீட். ஃபைனான்ஸில் 5 லட்சம் பாக்கி, 16 சதவீதம். ஆறு மாதம் தள்ளியதில் 41,357 ஏறியது. அதில் 1,357ஐ அரசு கட்டியது, 40,000 என் தலையில். அவசரக் கடன் கேட்டேன். வண்டிக் கடன் உங்கள் சொந்தப் பேரில் இருக்கிறது, தொழில் பேரில் இல்லை என்றார்கள். ஊரில் எந்த டிரைவர் கம்பெனி பேரில் வேன் வாங்குகிறான்? அப்புறம் ஆகஸ்டில், தொழிலுக்காகத் தனிநபர் பேரில் வாங்கிய கடனும் சேரும் என்று விதியை மாற்றினார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு, கேத்தி பக்கம் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கினேன். பயணிகள் பர்மிட்டில் லோடு அடிப்பது தப்புதான். மூன்று மாதம் அந்த மண்ணைத்தான் தின்றோம். இன்றைக்கும் மழை பெய்தால் வேனுக்குள் கேரட் வாசம் வரும், டூரிஸ்ட் கேட்பார்கள்.

நல்லது ஒன்று சொல்ல வேண்டும் என்றால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட் தேதியெல்லாம் முடிந்தாலும் செல்லும் என்று 2021 அக்டோபர் வரை நீட்டிக்கொண்டே போனார்கள். அது நிஜமான உதவி. கையிலிருந்து ஒரு ரூபாய் கேட்காத உதவி.

ஓய்வு மேனேஜர் (கோத்தகிரி)

வங்கியில் 34 வருடம். கடைசி ஆறு வருடம் மலையில்தான். எந்த வங்கி என்பது வேண்டாம்.

ஓவன்காரர் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் எப்படி ஓடியது என்பது தெரிந்தால் கோபம் சரியான இடத்துக்குப் போகும். அவசரக் கடனில் அரசு பணம் தரவில்லை, ஜாமீன்தான் தந்தது. நீங்கள் கட்டாவிட்டால் வங்கிக்கு முழுத் தொகையையும் தருவேன் என்று ஓர் அரசு நிறுவனம் கையெழுத்துப் போட்டது. நூற்றுக்கு நூறு. அதனால்தான் புதிதாக அடமானம் கேட்கவில்லை, பரிசீலனைக் கட்டணம் கேட்கவில்லை. வட்டிக்கும் உச்சவரம்பு: வங்கியில் 9.25, ஃபைனான்ஸ் கம்பெனியில் 14. 3 லட்சம் கோடி என்று தொடங்கி, பிறகு 5 லட்சம் கோடி வரை உயர்த்தினார்கள்.

'நின்ற பாக்கியில் 20 சதவீதம்' என்று ஏன் வைத்தார்கள்? ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, ஆள் தெரிந்தவர், கடையை மறுபடி போய்ப் பார்க்க வேண்டாம். ஊரடங்கில் அதைவிட வேகமான வழி கிடையாது. நானே போன் பண்ணிக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். கிளையில் பாதிப் பேர் வராத நாட்கள் அவை.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் என் மேஜை முன்னாலேயே பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை, முப்பது வருடமாக நடத்துகிறார், ஒரு பைசா கடன் கிடையாது. டிவியில் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கணக்கில் கடன் இல்லையே ஐயா, எதில் 20 சதவீதம் போடுவது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே சார்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்ராவில் (சிறுதொழிலுக்கான அரசுக் கடன் திட்டம்) ஐம்பதாயிரம் போட்டுத் தருகிறேன் என்றேன். இந்த வயதில் புதுக் கடனா, வேண்டாம் சார் என்று போய்விட்டார்.

இன்னொன்று. பிப்ரவரி 29 அன்று 60 நாளுக்கு மேல் தவணை பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் கிடையாது. நம் ஊரில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வியாபாரம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கி வைப்பதே அப்போதுதான். வருடம் முழுக்க ஒழுங்காகக் கட்டி, குளிர்காலத்தில் மட்டும் சறுக்கி, ஏப்ரலில் நேர் செய்துவிடுகிற ஆள் எத்தனை பேர்! அத்தனை பேரும் அந்த ஒரு தேதியில் வெளியே போய்விட்டார்கள்.

சாக்லேட் அக்கா (அருவங்காடு)

மேனேஜர் சார் சொன்ன பூஜ்யக் கட்சியில் நானும் ஒருத்தி. வீட்டிலேயே சாக்லேட் போட்டு, கடைகளுக்கு டப்பா கணக்கில் கொடுக்கிறேன். 2020 மார்ச்சில் ஐந்து கடைகளில் என் சரக்கு நின்றது. பணமும் வரவில்லை, சரக்கும் திரும்பவில்லை. ஜூனில் ஒரு கடைக்காரர் எடுத்துத் தந்தார். மேலே வெள்ளை பூத்துப்போயிருந்தது. பிள்ளைகளும் அடுத்த வீட்டுக்காரர்களும் தின்று தீர்த்தோம்.

என்னைக் காப்பாற்றியது நகைதான். கூட்டுறவுச் சங்கத்தில் 36 கிராம் வைத்தேன். அந்தப் பணத்தில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய கடனின் வாரத் தவணையை அடைத்தேன் (அந்தக் குழுக்காரர்களுக்கு மட்டும் ஊரடங்கு என்ற வார்த்தையே தெரியாது, கேட் வாசலில் வந்து நிற்பார்கள்). அப்புறம் 2021இல் கூட்டுறவில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி வந்ததே, அதில் என் நகை திரும்பி வந்தது. ஓவன் அண்ணன் கணக்குப்படி பார்த்தால் இந்த இழையிலேயே அதிக உதவி வாங்கியவள் நான்தான். ஆனால் அது சாக்லேட்டுக்காக வரவில்லை. விவசாயிக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் என்று அறிவித்ததில் என் சாக்லேட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

என் நாத்தனார் வைத்தது 41 கிராம். 40ஐத் தாண்டினால் தள்ளுபடி இல்லை. ஒரு தோட்டின் எடை. இன்னமும் பண்டிகைக்குப் பண்டிகை அந்த ஒரு கிராமைப் பற்றிப் பேசுவாள்.

கோவை ஜீவா

எல்லோரும் தப்பாக நினைக்கக் கூடாது. மே மாதம் குடும்பத்தோடு வந்தால் 1,500 ரூபாய் ரூமுக்கு 6,000 வாங்குகிறீர்கள், ஒரு சுண்டல் பொட்டலம் கோவையில் 20 என்றால் மேலே 50. அந்தக் காசெல்லாம் எங்கே? நல்ல காலத்தில் வாங்கியதைச் சேர்த்து வைத்துக் கெட்ட காலத்தைத் தாண்ட வேண்டியதுதானே? திருப்பூரிலும் கோவையிலும் பட்டறைக்காரர்கள் வருடம் முழுக்க ஒரே ரேட்டில்தான் ஓட்டுகிறார்கள். இந்த 2024 மே 7லிருந்து மலைக்கு வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) வேறு. அதற்கும் நிவாரணம் கேட்பீர்களா?

விறகு ஓவன்

ஜீவா தம்பி, கேட்டதில் தப்பில்லை. பாதி நியாயமும் இருக்கிறது.

ஆனால் மேயில் வாங்குகிற அந்தக் கூடுதல் காசுதான் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையில் சாப்பாடு. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் கொஞ்சம் தலையெடுக்கும். பிறகு உறைபனியில் டிசம்பர் விடுமுறையை விட்டால் ஒன்றுமில்லை. ஒரு சீசன் போனால் தாங்கலாம். 2020இல் மேயும் போனது, செப்டம்பரில் இ-பாஸோடு கொஞ்சம் திறந்தார்கள். 2021இல் மறுபடி ஏப்ரலில் அடைத்தார்கள். ஜூனில் மற்ற ஊர்களில் கடை திறந்தபோது, தளர்வு குறைவாகக் கிடைத்த 11 மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று, உங்கள் கோவையும் ஒன்று. சுற்றுலா இடங்கள் திறந்தது ஆகஸ்ட் 23. என் கடனுக்கு முதல் முழுத் தவணை செப்டம்பர் 10. பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளில் எத்தனை டப்பா வர்க்கி விற்றிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

இ-பாஸுக்கு நான் நிவாரணம் கேட்க மாட்டேன். இந்த 2024இல் விண்ணப்பித்தவர்களுக்கு வந்தது, வண்டியும் வந்தது. மலைக்கு எத்தனை வண்டி தாங்கும் என்று உயர் நீதிமன்றம் கேட்டதில் எனக்குச் சம்மதம்தான். சனிக்கிழமை ஊட்டி சாரிங் கிராஸில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். நான் சொல்வது வேறு. உத்தரவு போட்டு ஊரையே அடைத்தால், அடைத்த நாட்களின் வட்டியையாவது அடைத்தவர் ஏற்க வேண்டும். 697 அல்ல, அந்த 32,197ஐ.

சுண்டல் விலைக்கு நான் ஜாமீன் இல்லை.

ஸ்வெட்டர் கடை

நான் சில்லறைக் கடை. 2020 ஜூலையில் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வந்ததும் போட்டுப் பார்த்தேன். வாங்கி விற்கிறவர்கள் குறுந்தொழில் கணக்கில் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்வெட்டரை நானே பின்னியிருந்தால் தொழில்முனைவோர், லூதியானாவிலிருந்து வாங்கி விற்றால் இல்லை! 2021 ஜூலை 2 அன்றுதான் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சேர்த்தார்கள், அதுவும் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். அதற்குள் இரண்டு சீசன் போய்விட்டது. ஸ்வெட்டர் கெட்டுப்போகாது என்பார்கள். பூச்சி அரிக்கும் என்று சொல்ல மாட்டார்கள்.

வணிகர் நல வாரியம் 1989லிருந்து இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு நிதி உண்டு. கடை செத்தால் என்ன உண்டு என்று கேட்டேன், கவுண்டரில் இருந்தவர் சிரித்தார்.

கூடலூர் 17

கொடுத்து வைத்தவர்களே, உங்களுக்காவது கடன் மறுத்தார்கள். எங்களிடம் விண்ணப்பமே வாங்கவில்லை.

செக்‌ஷன் 17 நிலம் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1969 ஜென்மம் (ஜமீன் மாதிரியான பழைய நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கிடக்கிற நிலம். பட்டா இல்லை. பல வீடுகளுக்குக் கரண்ட் இணைப்பு இல்லை. நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வங்கியில் கேட்டது கடை முகவரிக்கு ஈ.பி. பில். கரண்டே இல்லாத கடைக்கு ஈ.பி. பில் எங்கே போய் வாங்குவது? மெழுகுவர்த்தி பில் காட்டலாமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொடை சைக்கிள்

கொடைக்கானலிலிருந்து. இந்த இழையில் எங்களுக்கும் இடம் உண்டா?

எங்கள் அம்மா ஏரிக்கரையில் வேகவைத்த கடலை, சோளம் விற்கிறார். அவருக்குப் பிரதமர் ஸ்வநிதிக் கடன் கிடைத்தது. 10,000. 2020 மார்ச் 24க்கு முன்பிருந்தே தெருவில் விற்றதற்கு உள்ளாட்சியில் பரிந்துரைக் கடிதம் தந்தார்கள். ஒரு வருடத்தில் கட்டி முடித்தார், அடுத்து 20,000 தந்தார்கள். 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வந்துவிடும். இந்த ஒரு திட்டத்தில் மட்டும் கடன் இல்லாத ஆளை, வாசலில் நின்ற ஆளை, உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவுக்குக் கடனை விட அந்தக் கடிதம்தான் பெரிசு. லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார். யாராவது எழுந்து போ என்றால் எடுத்து நீட்டுவார்.

நான் சைக்கிள் வாடகைக்கு விடுகிறேன். அம்மாவுக்குப் பத்தடி தள்ளி. வாடகை வியாபாரம் அல்ல என்று என்னை அனுப்பிவிட்டார்கள். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு முதல் அடி கொரோனா இல்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யத்தில் கரையேறியது மேற்கே வந்து எங்கள் தலையில் முடிந்தது. மரம் விழுந்து ரோடு அடைபட்டு, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நிவாரணத்துக்கு எழுதப் போனால் பயிருக்குப் படிவம், வீட்டுக்குப் படிவம், ஆடு மாட்டுக்குப் படிவம். கடைக்குப் படிவமே அச்சடிக்கவில்லை. நின்றுகொண்டே மாட்டுப் படிவத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்தேன்.

ஓய்வு மேனேஜர்

சைக்கிள் தம்பி தொட்டது முக்கியமான இடம். பேரிடர் நிவாரண நிதிக்கென்று விதிமுறை இருக்கிறது. பயிர், கால்நடை, வீடு, மீனவர் படகு, கைத்தறிக்காரரின் கருவி வரை வரும். கடையில் இருக்கும் சரக்கோ, வியாபாரம் நின்ற நாட்களோ அதில் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போதும் இதே கதைதான். வயலில் கேரட் அழுகினால் நிவாரணம். அதே கேரட் மார்க்கெட் கடைக்குள் அழுகினால் அது வியாபார நஷ்டம்.

கடைக்காரருக்கு நஷ்டம் வந்தால் கடன் கொடு, விவசாயிக்கு நஷ்டம் வந்தால் நிவாரணம் கொடு என்பது நம் நிர்வாகத்தில் ரொம்ப நாளாக ஊறிய புத்தி. விவசாயிக்குக் கொடுப்பதும் போதவில்லை என்பது வேறு விஷயம்.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளில் இருந்த வங்கிப் பெயரையும் ஒரு அதிகாரியின் பெயரையும் எடுத்துவிட்டேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

பனிக்காடு (லண்டன்)

சொந்த ஊர் கோத்தகிரி. 2020இல் இங்கே ஒரு சின்ன காபிக் கடையில் வேலை. கடை மூடினார்கள், என் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு கொடுத்தது, உச்சவரம்பு மாதம் 2,500 பவுண்டு. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை என் முதலாளிக்கு நடந்தது. சின்னக் கடைகளுக்கு 10,000 பவுண்டு மானியம் அறிவித்தார்கள், கடன் இல்லை, மானியம். கொடுத்தது வங்கி அல்ல, உள்ளூர் கவுன்சில். ஒவ்வொரு கடை இடத்துக்கும் வரிப் பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்தார்கள், கணக்கு எண் கேட்டார்கள், போட்டார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் இல்லையா?

விறகு ஓவன்

இருக்கிறது! அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறேன். தொழில் உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மேனேஜர் சார் சொன்ன டீக்கடைக்காரரும் இதெல்லாம் வைத்திருப்பார். அவர் கடன்காரர் பட்டியலில்தான் இல்லை. வாங்குவதற்கு மூன்று பட்டியல், கொடுப்பதற்கு ஒரே ஒரு பட்டியல், அதுவும் வங்கியிடம் இருக்கிற கடன் பட்டியல்.

ஓய்வு மேனேஜர்

அந்தப் பட்டியல்களையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உரிமம் அப்பா பேரில், கடை மகன் பேரில், வாடகை ஒப்பந்தம் இறந்துபோன தாத்தா பேரில். கூடலூர் நண்பரோ சாக்லேட் அக்காவோ எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள். லண்டனிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. அங்கே 50,000 பவுண்டு வரை அரசு ஜாமீனில் கொடுத்த அவசரக் கடனில், விண்ணப்பதாரர் எழுதித் தந்ததையே நம்பிக் கொடுத்ததில் மோசடி பெரிய அளவில் நடந்தது.

ஆனாலும் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஓட்டைப் பட்டியலாக இருந்தாலும் நாலு பட்டியலைச் சேர்த்துப் பார்த்திருந்தால் டீக்கடைக்காரர் சிக்கியிருப்பார்.

குன்னூர் வேன்

சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் வந்ததே, யாரும் சொல்லவில்லையா? 2021 ஜூன் 28. சுற்றுலா நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரை, லைசென்ஸ் வாங்கிய வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் வரை ஜாமீன் கடன். நாடு முழுக்க 10,700 வழிகாட்டிகள், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஏறத்தாழ 900. அவ்வளவுதான். தொட்டபெட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை "கைடு வேணுமா சார்" என்று ஓடி வருகிறவர்களை எண்ணினாலே ஒரு பஸ் நிறையும். அதில் லைசென்ஸ் உள்ளவர் எத்தனை பேர்?

அதே அறிவிப்பில் முதல் 5 லட்சம் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா இலவசம் என்றும் இருந்தது. எங்கள் ஸ்டாண்டில் அதை வாசித்துவிட்டு ஒரு டிரைவர், "அப்போ நமக்கும் ஒரு விசா கொடுத்தால் வேறு நாட்டுக்காவது போகலாம்" என்றார்.

சாக்லேட் அக்கா

ஒரு சந்தேகம் மேனேஜர் சார். பையன் இப்போது சாக்லேட் மிஷினுக்கு 4 லட்சம் கடன் எடுக்கலாம் என்கிறான். மாதா மாதம் 8,500 வரும் போல. மேயில் 20,000 கேட்டாலும் கட்டிவிடுவேன், ஜூலையில் 3,000 கூட முடியாது. இதற்கு வழி உண்டா? அடமானமும் கிடையாது.

ஓய்வு மேனேஜர்

உண்டு, ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டும். அடமானத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குறு, சிறு தொழிலுக்கு இந்த அளவுக் கடனில் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே குரல் இறங்கிவிடும்.

தவணையைப் பற்றி. மாதம் ஒரே தொகை கட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வருமானம் எப்போது வருகிறதோ அதை ஒட்டித் தவணை அமைக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. பயிர்க்கடன் அறுவடையைப் பார்த்துத்தானே வைக்கிறார்கள்? ஆனால் கம்ப்யூட்டரில் சமத் தவணை போடுவது சுலபம், அதனால் அதைத்தான் போடுவார்கள். இரண்டு வருட விற்பனையை மாத வாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஏப்ரல், மே, ஜூன், அக்டோபர் என்று பெரிய தவணை, மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கடன் கைக்கு வந்த பிறகு, கஷ்டம் என்று சொல்லி மாற்றக் கேட்டால் அது மறுசீரமைப்பு என்று பதிவாகும். உங்கள் கடன் வரலாற்றில் அது தழும்பாக நிற்கும். முன்னால் கேட்டால் அட்டவணை, பின்னால் கேட்டால் நோய்.

என் பதவிக் காலத்தில் மலையில் இப்படி ஏழெட்டுக் கடன் போட்டிருப்பேன். ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேலிடத்துக்கு இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதினேன். அடுத்து வருகிற மேனேஜர் அந்த இரண்டு பக்கத்தை எழுத நேரம் வைத்திருப்பாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கோவை ஜீவா

இந்த சீசன் தவணை விஷயம் எனக்குத் தெரியாது. பட்டறைக்காரனுக்கு மாதத் தவணை சரி, உங்களுக்குச் சரிப்படாது என்பது இப்போது புரிகிறது. சுண்டல் விலையை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

விறகு ஓவன்

இது 2018இல் எனக்குத் தெரிந்திருந்தால்... சரி விடுங்கள்.

நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுகிறோம். மூன்று விஷயம்தான். ஊரை அடைக்க உத்தரவு வந்தால் அந்த நாட்களின் வட்டி. பேரிடர் நிவாரணத்தில் கடைக்கும் ஒரு படிவம். அப்புறம், கடன் இல்லாதவரையும் எண்ண, தொழில் வரிப் பட்டியல். வேன் தம்பி, நீங்களும் கையெழுத்துப் போட வாருங்கள். கூடலூர்க்காரர் தனியாக ஒரு பக்கம் எழுதித் தந்தால் அப்படியே சேர்க்கிறேன், அது எங்கள் கதையோடு ஒட்டாது, அதற்குத் தனிக் கனம் இருக்கிறது.

ஓய்வு மேனேஜர்

மனு இருக்கட்டும் ஓவன்காரரே. கடைசித் தவணை போனதே, வங்கியிலிருந்து என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கினீர்களா? அவசரக் கடனுக்கு உங்கள் மிஷின் மேல் இரண்டாவது பொறுப்பு (பழைய கடனுக்கு அடுத்தபடியான ஈட்டு உரிமை) எழுதியிருப்பார்கள். அதை நீக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவு) கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டாமல் விட்டு, மூன்று வருடம் கழித்து வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விறகு ஓவன்

வாங்கவில்லை சார். மெசேஜ் வந்ததே, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாளை மறுநாள் திங்கள் போகிறேன். செவ்வாய் மிலாடி நபி, வங்கி இருக்காது.

சாக்லேட் அக்கா

போகும்போது கால் கிலோ வர்க்கி எடுத்துப் போங்க அண்ணே. கவுண்டரில் வேலை சீக்கிரம் முடியும்.